பத்தே நாளில் வெப்சைட்

"அப்படிச் சொன்னவன் ஒரு பிராடு மேடம். அவன்கிட்டயே போய்ச் செஞ்சுக்குங்க. என் நேரத்த வீணாக்காதீங்க."

வெப்சைட் டிசைனர் இப்படி எடுத்தெறிந்து பேசியும், எதிரே உட்கார்ந்திருந்த டிரைவிங் ஸ்கூல் அம்மா அசையவில்லை. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக உட்கார்ந்து வருகிறவர். இந்தக் கத்தலுக்கெல்லாம் மிரளுகிற ஆளில்லை.

"நீங்க கேக்கறது மூணு மாசம், ஆறு மடங்கு காசு. அங்க பத்தே நாள், ஒரே விலை, எத்தனை தடவை வேணா மாத்திக்கலாம்னு எழுதியே போட்டிருக்கு."

டிசைனருக்கு எரிச்சல் தலைக்கேறியது. போன வருடம் ஒரு ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் தலையாட்டிவிட்டு மாட்டிக்கொண்டார். ஐந்து பக்கம் என்று ஆரம்பித்த வேலை, பெரிய டாக்டரும் அவருடைய மச்சானும் ஆளுக்கொரு யோசனை சொல்லச் சொல்ல, எட்டு மாதம் இழுத்தது. காசு மட்டும் முதல் நாள் பேசியதுதான்.

இன்னொரு தடவை அப்படி ஒரு வேலைக்கு ஒத்துக்கொண்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அதனால் அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நேரம் பதிவுசெய்ய ஒரு வசதி, பணம் கட்ட ஒரு வசதி, மாதிரித் தேர்வு, அதுவும் இரண்டு மொழியில். ஒவ்வொன்றும் தனி வேலை, தனிக் காசு. இத்தனையையும் பத்து நாளில் செய்கிறேன் என்பவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை திருடனாக இருக்க வேண்டும் என்று முடித்தார்.

"எங்க வெப்சைட்டப் பாத்தீங்கல்ல? யார் யாருக்குச் செஞ்சிருக்கோம்னு அதுலயே இருக்கு."

"முழுசா பாத்துட்டுத்தான் வந்தேன்."

தொழில் தொடங்கிய புதிதில் அவரே உட்கார்ந்து ஒரே மூச்சில் செய்தது அது. அதன் பிறகு அதில் கை வைக்கத் தேவையே வரவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் போய்க் கேட்டா, தொழில் தெரியாம பேசறேன்னு விரட்டிடுவாங்க. தொழில் தெரிஞ்ச நீங்க அந்த விளம்பரத்தப் பத்தி ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

டிசைனருக்கு வாயெல்லாம் பல்லானது. எதிர்மாடியில் புதிதாகக் கடை விரித்திருக்கும் அந்தப் பொடிப்பயல்தான், சந்தேகமே இல்லை. போன மாதம் இவருடைய வாடிக்கையாளர் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போனவன். படட்டும், நன்றாகப் படட்டும்.

லெட்டர் பேடை எடுத்தார். இப்படி விளம்பரம் செய்வது வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை என்று எழுதினார். அது போதவில்லை. விளம்பரம் கொடுத்தவர் சொன்ன விலைக்கே, சொன்ன பத்து நாளுக்குள், கேட்ட எல்லா வசதியோடும் வேலையை முடித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று சேர்த்தார். கையெழுத்தைப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"விடாதீங்க மேடம். தப்பிக்கப் பாப்பான். வேலைய வாங்காம நகராதீங்க."

அந்த அம்மா தாளை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"இப்பவாவது சொல்லுங்க, யாரு அந்த ஆளு?"

அந்த அம்மா செல்போனை எடுத்தார். அந்த விளம்பரம் இருந்த பக்கத்தைத் திறந்து, டிசைனர் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க வெப்சைட்டுதான் தம்பி."