காலி சஹன்

“சோறில்லாத சஹனுக்கு மார்க்கு போடுற காலேஜு எந்த ஊர்லடி இருக்கு?”

உம்மு ஹபீபா மாமி கேட்டதும் கல்யாண வீட்டுச் சமையல்கட்டே சிரித்தது. சுஹாவுக்குக் காது சூடானது.

“சென்னையில மாமி. இதுக்குப் பேரு கான்செப்ட் ஆர்ட். வரையிறது, செதுக்குறதெல்லாம் இல்ல. யோசனைதான் கலை.”

“யோசனைய எத்தனை பேருடி திங்க முடியும்?”

பெரியபட்டினத்துக் கல்யாணங்களில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். இந்தக் கல்யாணப் பந்தலில், யாருமே உட்காராத ஒரு காலி சஹன். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்களின் இடம் அது. இதுதான் சுஹாவின் கடைசி வருடப் படைப்பு.

அதைப் பார்த்து மார்க் போட காலேஜிலிருந்து கோகிலா மேடம் நேரில் வருகிறார். தேறாவிட்டால் படிப்பு போதும் என்று வாப்பா சொல்லியாயிற்று.

“கல்யாண வீட்ல வெறுஞ் சஹன் கெடந்தா பரக்கத்தும் விருத்தியும் போயிரும், சொல்லிட்டேன்!” மாமி அகப்பையை ஆட்டினார்.

சுஹா பந்தல் ஓரத்தில் பாயை விரித்தாள். நடுவில் சஹனை வைத்தாள். மேடத்தை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

மேடத்தோடு திரும்பி வந்தவள் பாயருகே நின்றுவிட்டாள்.

சஹனில் நெய்ச்சோறு குவிந்திருந்தது. மேலே ஆட்டுக்கறி. சுற்றிலும் நாலு தண்ணீர்ச் செம்புகள். ஒவ்வொரு செம்பிலும் சாய்த்து வைத்த ஒரு செல்போன். ஒவ்வொரு போனிலும் ஒரு முகம், முகத்துக்கு முன்னால் ஒரு தட்டு.

“ஏலே வசீம், என் பக்கத்துக் கறியில கைவெச்சே, தெரியும் சேதி!” துபாய் போன் கத்தியது.

“வந்து தடுத்துப் பாருலே!” குவைத் போன் சிரித்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

“இது உன் யோசனையா சுஹா?” மேடம் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பொய் சொல்ல சுஹாவுக்கு மனம் வரவில்லை.

“இல்ல மேடம். நான் காலியாத்தான் வெச்சேன். இது மாமி வேலை.”

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். “நீ காலியா வெச்ச இடத்துக்குத்தானே இத்தனை பேரும் வந்திருக்காங்க? நீ பாஸ். எனக்கும் இதுல ஒரு கை சோறு உண்டா?”

சுஹா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காகவா மாமி?”

“நெனப்புத்தான்! பரக்கத்துக்காகடி.” கையை உதறிவிட்டு மாமி சமையல்கட்டுக்கு நடந்தார்.

துபாய் போனிலிருந்து மாமியின் மகன் அசாருதீன் மெல்லக் கூப்பிட்டான்.

“நம்பாத சுஹா. ‘வெள்ளிக்கிழமை நம்ம புள்ளைக்குப் பரீட்சை, ஒருத்தனும் ஓவர்டைமுக்குப் போயிராதீகலே’ன்னு உம்மா ஒரு வாரமா எங்களத் தூங்கவிடல!”