நெட்டைத் தின்கிறவள்

இப்போதெல்லாம் எவன் வேலை செய்கிறான்? கையில் போன், காதில் ஒயர். கேட்டால், "நெட் ஸ்லோ முதலாளி" என்று ஒரு சாக்கு.

பெயிண்ட் கடை முதலாளிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வாசலில் லாரி நிற்கிறது. டின்கள் ஏறிவிட்டன. பில் மட்டும் வரவில்லை. பில் இல்லாமல் லாரி நகராது. கம்ப்யூட்டரில் ஒரு வட்டம், வேலைவெட்டி இல்லாதவன் தெருவைச் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன மழைக்காலத்திலிருந்தே இந்தக் கூத்துதான்.

யாரோ கடைக்குள் உட்கார்ந்து நெட்டைத் தின்கிறார்கள். யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பில் போடுகிறவள்தான்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. அவர் டிராயரிலிருந்து ஒரு க்ரீம் பிஸ்கட்டை எடுத்து வாயருகே கொண்டுபோனால் போதும், வீட்டிலிருந்து பெண்டாட்டி போன் அடித்துச் சர்க்கரை வியாதியை ஞாபகப்படுத்துவாள். பக்கத்து மேஜைக்காரியைத் தவிர வேறு யார் போட்டுக்கொடுப்பது?

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் அவர் நாற்காலியிலேயே சற்றுக் கண்ணயர்ந்தபோது, முகத்தில் தண்ணீரை அடித்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், வீட்டுக்கும் போன் போட்டவள் இவள்தான். கண்ணயர்ந்தவனையெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காலம்!

இவளுக்காகத்தான் நெட்டுக்காரனை வரவழைத்தார். கையும் களவுமாகப் பிடித்து வேலையை விட்டு அனுப்பிவிடலாம்.

"போனை மேஜைமேல வச்சிட்டு வெளிய நில்லும்மா. உன் வண்டவாளம் இன்னைக்குத் தெரிஞ்சிடும்."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். லாரி டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பிள்ளைகளை ஒண்டியாக வளர்க்கிறவள். முகம் சுண்டிப்போயிருந்தது.

நெட்டுக்காரன், சுவரில் பச்சை விளக்குகள் மினுக்கும் பெட்டிக்கு முன்னால் நின்று, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். இதற்கு ஒரு படிப்பு வேறு.

முதலில் பில் கம்ப்யூட்டர். நெட் செலவைக் காட்டி லேப்டாப்பில் உயர்ந்து நின்ற கோடு இறங்கவில்லை.

"இது இல்லைங்க."

"நல்லாப் பாருப்பா. அவ அமுக்கமானவ."

அடுத்து, லோடு ஏற்றுகிறவன் போனில் பாட்டுக் கேட்கும் வைஃபையின் ஒயர். அதுவும் இல்லை.

கடைசியாகக் கேமராப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். கோடு மடமடவென்று சரிந்து தரைக்கு வந்தது.

முதலாளியின் போன் அடித்தது.

"எங்க போனீங்க?" பெண்டாட்டிக்கு மூச்சு வாங்கியது.

"எங்க போவேன்? கடையிலதான் உக்காந்திருக்கேன். வை போனை."

நெட்டுக்காரன் ஒயரை மறுபடி சொருகினான். "கேமரா சும்மா படம் பிடிச்சா நெட் போகாதுங்க. வெளிய இருந்து யாரோ காலையில இருந்து கண்ணெடுக்காம பாத்துக்கிட்டிருக்காங்க. அதுவும் ஒரே ஒரு கேமராவை."

அண்ணாந்து காட்டினான்.

பில் போடுகிறவளைக் கண்காணிக்க முதலாளி மாட்டிய கேமரா அது. அதில் பாதி அவள் மேஜை. மீதிப் பாதி அவருடைய நாற்காலி.

"பாக்குறது உங்க வீட்டு டிவிங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு டிவியில் கேமராவை இணைக்கச் சொன்னது அவர்தான், வாஸ்தவம். தான் வராத நாளில் எவன் ஏய்க்கிறான் என்று பார்க்க. ஆனால் அவர் கடையில் இருக்கும்போது வீட்டில் இருப்பது பெண்டாட்டி ஒருத்திதான். சீரியலில் அழுகிறவர்களோடு சேர்ந்து அழவே அவளுக்குப் பொழுது போதாது. இந்த நாற்காலியை அவள் எதற்குப் பார்க்க வேண்டும்?

"உன் மிஷின் புளுகுது," என்றார்.

"வீட்டுக்குப் போறதை நிறுத்திடவா முதலாளி? பில் உடனே வந்துடும்."

"இல்லாததை எப்படிப்பா நிறுத்துவே? பெரிய படிப்புப் படிச்சவன்!"

நெட்டுக்காரன் தகராறு பண்ணவில்லை. வீட்டுக்குப் போகும் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டான். வட்டம் நின்றது. பிரிண்டர் முக்கி முனகிப் பில்லைத் துப்பியது.

முதலாளி டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

போன் அடித்தது.

"அதைக் கீழ வைங்க. அந்தப் பொண்ணை எதுக்கு வெளிய அனுப்புனீங்க? முதல்ல உள்ள கூப்பிடுங்க."

அவர் போனை அணைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பில் போடுகிறவள் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறாள். அவள் போன் மேஜைமேல் கிடக்கிறது. நெட்டுக்காரன் வாயே திறக்கவில்லை. அப்படியானால் போட்டுக்கொடுக்கப் புதிதாக எவனோ ஒருத்தன் கிளம்பியிருக்கிறான்.

"வந்து வேலையைப் பாரு. இன்னைக்குத் தப்பிச்சிட்டே!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

பிஸ்கட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு எழுந்தார். பின்பக்கம் டின்கள் கூரைவரை அடுக்கியிருக்கும் மூலைக்குப் போனார். அங்கே கேமரா கிடையாது. ஆளும் கிடையாது. வந்து சொல்லட்டும் பார்க்கலாம்.

பிஸ்கட் வாய்க்குப் போகவில்லை. போன் அடித்தது.

"எங்க போனீங்க?"

அதே மூச்சு வாங்கல்.

முதலாளி டின்களின் இடுக்கில் எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"எவன்டா அவன்?" என்று முனகிக்கொண்டே இன்னும் உள்ளே நடந்தார்.