உச்சந்தலையில் ஒரு கை

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஹெனகன் குடும்பத்து மாவு மில் என்று மூன்று இடிபாடுகளைக் காட்டினார்கள். அதில் எது தன் முன்னோருடையது என்று சொல்ல ஆளில்லை. பாஸ்டனிலிருந்து வந்த டோரீன் ஹெனகன் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு வந்திருந்தாள்.

“வாசல்ல தலை பத்திரம்மா,” என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் மார்ட்டின். “அதுல மண்டைய இடிச்சுக்காத ஆளு இந்த ஊர்லயே கிடையாது. அமெரிக்கா மண்டைன்னா மட்டும் விட்டுடுமா என்ன?”

டோரீன் இடித்துக்கொள்ளவில்லை. எந்தக் கதவைக் கடந்தாலும் அவளுடைய அப்பா பிள்ளைகளின் உச்சந்தலையில் கைவைத்து அழுத்துவார். பாஸ்டன் வீட்டுக் கதவுகளோ ஆளை விட உயரம். ஏன் என்று கேட்டால், “எங்கப்பா அப்படித்தான் செய்வாரு” என்பார். இந்த ஊரைப் பார்க்காமலேயே போன வருடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஞாபகமோ என்னவோ, மில் வாசலில் அவள் தலை தானாகத் தாழ்ந்தது.

உள்ளே கூரையில்லை. முள்செடிகளும் உடைந்த அரைகல்லும்தான் இருந்தன.

திரும்பி வந்து மார்ட்டினின் சமையலறையில் உட்கார்ந்தபோது, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“தொப்பியில என்னம்மா வெள்ளையா?”

“சுவத்துச் சுண்ணாம்பா இருக்கும்.”

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஓட்ஸ் மாவு. இப்பத்தான் அரைச்ச மாதிரி சூடு ஆறாம இருக்கு. அந்த மில்லு எங்க தாத்தா காலத்துலயே நின்னு போச்சேம்மா!”

டோரீன் கறுப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதன் உச்சியில் ஓர் உள்ளங்கையும் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

மூன்றாவது மில்லைப் பார்க்க அவள் போகவில்லை.