ஏழாவது வரி

மாலை வெயில் சாய்வாக விழுந்து கணினித் திரையைப் பாதி மறைக்கிறது. பேராசிரியை எழுந்துபோய் சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருகிறார். திரையில் அவருடைய நாற்பது கட்டுரைகள். முப்பத்தொன்பதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் சொற்பம். பதினோரு வருடத்துக்கு முன் வெளிவந்த, நுண்துளைகள் வழியே நீர் ஊறும் வேகத்தைப் பற்றிய ஒன்றை மட்டும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்: மண்ணியல்காரர்கள், கட்டடப் பொறியாளர்கள், காயக்கட்டுத் துணியில் மருந்து எவ்வளவு ஊறும் என்று கணக்குப் போடும் மருத்துவர்கள். அதன் அட்டவணையில் ஏழாவது வரியில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருப்பதை இன்று காலை பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் பார்த்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிய கடிதம் அவர் பெயரோடு தயாராக இருக்கிறது.

“அக்கா, திங்கக்கிழமை எனக்குப் பதவி உயர்வு நேர்காணல்,” என்கிறார் அந்தக் கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதிய சகா, கதவருகிலேயே நின்றபடி. “எங்கிட்ட சொல்லிக்கிற மாதிரி இருக்கிறது இந்தக் கட்டுரை ஒண்ணுதான். ரெண்டு நாள் பொறுத்தா குடி முழுகிடுமா?”

“பதினோரு வருஷம் பொறுத்தாச்சே.”

மின்விசிறி குறிப்பேட்டின் தாளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைக்கிறார். கணினி மெல்ல மணியடிக்கிறது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து படிக்கிறார்.

“மேற்கோள் காட்டினவங்கள்ல புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு. குழந்தைங்க தீக்காயப் பிரிவு டாக்டர். நம்ம ஏழாவது வரியைத்தான் எடுத்திருக்காரு.”

சகா கதவருகிலிருந்து உள்ளே வருகிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பி, கடிதத்தில் பேராசிரியையின் பெயருக்குக் கீழே தன் பெயரை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறார்.