கப்பல் நாள் வயிற்றுவலி

கப்பல் வரும் நாளெல்லாம் சிக்கந்தருக்கு வயிற்றுவலி வந்தது.

மற்ற நாளில் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது. சீமைக் கப்பல் பினாங்குத் துறையில் வந்து ஊதிவிட்டால் போதும், பத்து மணிக்கெல்லாம் ஐயாவுக்கு முறுக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன் என்று ஒரு சாக்குப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையை விட்டுக் கிளம்பிவிடுவான்.

வயிற்றுவலிக்காரனுக்குப் பை எதற்கு?

கடை முதலாளி அலாவுதீன் ஒன்றும் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் அல்ல. சூலியா தெருவில் பதினெட்டு வருஷமாகத் தொப்பியும் குடையும் விற்கிறவர். கப்பலை விட்டு இறங்கும் துரைமார் முதலில் மிதிப்பது அவர் கடைப்படியைத்தான். இந்த ஊர் வெயில் மண்டையைப் பிளந்துவிடும் என்று சீமையிலேயே பயமுறுத்தித்தான் அனுப்பியிருப்பார்கள். துரைக்குத் தக்கைத் தொப்பி, துரைசாணிக்குக் குடை. அப்புறம்தான் அவர்களுக்கு மலை, கோயில், அருவி எல்லாம்.

இந்த வருஷம் மூன்று கப்பல் வந்து போயிற்று. ஒரு தொப்பி நகரவில்லை.

கல்கத்தாவிலிருந்து இறக்கிய இருநூறு தொப்பிகள் கூரைவரைக்கும் ஏறி உட்கார்ந்திருந்தன. அவை போகாவிட்டால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

கப்பல் நிறைய ஆள் இறங்குகிறது, கடைக்கு மட்டும் ஒருத்தரும் வருவதில்லை என்றால் நடுவில் யாரோ மடக்குகிறார்கள் என்று அர்த்தம். எதிர்ச்சாரியில் ஹபீப் முகம்மதுவும் தொப்பிக் கடைதான் வைத்திருக்கிறார். ஆளை மடக்கி அங்கே கொண்டுபோய் விடுவது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளையா வேண்டும்?

ஆனால் சிக்கந்தர், அவர் மனைவி சபூராவின் ஒரே தம்பி. கையும் களவுமாகப் பிடித்தால் அவனை விரட்ட வேண்டும். விரட்டினால் வீட்டில் உலை ஏறாது. மூன்று கப்பலாக இதை நினைத்து நினைத்து அவருக்குத்தான் உண்மையில் வயிறு எரிந்தது.

அன்று நாலாவது கப்பல். சிக்கந்தர் வயிற்றைப் பிடித்தான், பையை எடுத்தான். அலாவுதீன் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

ஹபீப் முகம்மது கடைக்குள் நுழைவான் என்று பார்த்தார். அந்தப் பக்கம் அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலும் திரும்பவில்லை. நேராகக் கடற்கரைக்கு, பெரிய ஹோட்டலின் பின்புறத்துக்குப் போனான்.

ஓஹோ! கடைத்தெருவில் விற்றால் மாட்டிக்கொள்வோம் என்று ஹபீப்பின் சரக்கை இங்கே கொண்டுவந்து விற்கிறானாக்கும். அலாவுதீனுக்குக் காது சூடேறிற்று. சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

புல்தரையில், சுள்ளென்ற வெயிலில், ஒரு துரைசாணி மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. கையும் காலும் அவித்த இறால் மாதிரி சிவந்திருந்தன. நாலடி தள்ளி மரத்தடியில் சிக்கந்தர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! அந்தம்மா வெயில்ல மயங்கிக் கெடக்கு, நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியா?"

கோபமும் சந்தேகமும் போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய்க் குடையை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்தார். யா அல்லாஹ், உயிர் இருக்க வேண்டுமே.

துரைசாணி கண்ணைத் திறந்தாள். குடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஈயை விரட்டுகிற மாதிரி கையை வீசி, சிக்கந்தரைப் பார்த்து என்னவோ கத்தினாள்.

சிக்கந்தர் எழுந்து வந்தான். பைக்குள் கையை விட்டு ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதை உள்ளங்கையில் ஊற்றித் தோளெல்லாம் தேய்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அலாவுதீன் நிமிர்ந்து பார்த்தார். கடலோரச் சுவர்வரைக்கும் முப்பது நாற்பது பேர், துரைமாரும் துரைசாணிமாரும், எண்ணெய் மினுங்க வெயிலில் கிடந்தார்கள். ஒரு தலையிலும் தொப்பி இல்லை.

சிக்கந்தர் அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

"கொடைய மடக்குங்க மச்சான், வெயில மறைக்கிறீங்களாம். இப்பல்லாம் கறுத்துப்போயி ஊருக்குத் திரும்புறதுதான் அவங்களுக்குப் பெருமையாம். தொப்பி வந்து எறங்குனப்பவே சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல."

அலாவுதீன் குடையை மடக்கினார். இந்தப் பயல் திருடனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.