பெரியம்மா நகரவில்லை

"உசுருக்கு இருநூறு, சவாரிக்கு ஆயிரம். உசுரு வேணாம்னா ஆயிரம் மட்டும் குடுங்க டீச்சர்."

டீச்சர் திறந்த பர்ஸைப் பாதியில் மூடினாள். "உசுருக்குத் தனியா காசா?"

"காப்பீட்டுச் சீட்டுங்க. கீழே விழுந்தா ஆஸ்பத்திரிச் செலவு அவங்களுது. இல்லேன்னா உங்களுது."

"நூறுன்னா போடுங்க."

"பாதி உசுருக்கு எவன் சீட்டுக் குடுப்பான்?"

குதிரை லாயத்து முதலாளி சிரிக்காமல்தான் கேட்டார். டீச்சரும் சிரிக்காமல் ஆயிரத்தை மட்டும் எண்ணி வைத்தாள்.

"சரி, ரசீதுல என் நம்பர் இருக்கு, பத்திரமா வெச்சுக்குங்க. அஞ்சு பேரை எண்ணிக் கூட்டிட்டுப் போறேன், அஞ்சு பேரை எண்ணிக் கொண்டாந்து விடுவேன். இருபது வருஷமா இந்தக் கணக்கு தப்பினதில்ல."

ஒரு நடைக்கு ஐந்து பேர்தான். காரணம், அவரிடம் இருந்த மழைக்கோட்டு ஐந்து. ஆறாவது வாங்கக் கை வரவில்லை. முக்காடு வைத்த மஞ்சள் கோட்டு. மலைப்பாதையில் பனி இறங்கினால் ஆளும் தெரியாது, குதிரையும் தெரியாது, மஞ்சள் மட்டும் தெரியும். அதை எண்ணினால் போதும்.

புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஒரு வங்கிக்காரர், அவர் மகள், தனியாக வந்த டீச்சர். முன்னால் வழிகாட்ட முதலாளியின் மைத்துனன். எல்லாருக்கும் கடைசியாக, 'பெரியம்மா' மேல் முதலாளி.

பெரியம்மா என்பது கிழட்டுச் சாம்பல் குதிரை. பன்னிரண்டு வருஷமாகக் கடைசியில் வருவதுதான் அதன் உத்தியோகம். கல்யாணப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகே தான் உட்காருகிற வீட்டுப் பெரியவள் மாதிரி, எல்லாரும் முன்னால் போன பிறகுதான் அது காலை எடுத்து வைக்கும்.

"தின்கிற தீனிக்கு நடக்கிறதில்ல. இன்னிக்கு ஒரு தடவை மக்கர் பண்ணட்டும், நாளைக்கே தரகர்கிட்ட தள்ளிடுறேன்" என்றார் முதலாளி.

"மாமா, உங்க கணக்கு தப்பாம இருக்கறதே அவங்களாலதான்" என்றான் மைத்துனன். குதிரையை அவன் 'அவங்க' என்றுதான் சொல்வான்.

ஓடையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, லாயத்துக்குத் திரும்ப மேலே ஏறினார்கள். பனி கெட்டியாக இறங்கியது. முதல் வளைவில் பெரியம்மா நின்றது.

முதலாளி குதிகாலால் விலாவில் தட்டினார். நகரவில்லை. இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் சுற்றவிட்டு நேரே திருப்பினார். மறுபடி நட்ட கல். பின்னால் போ என்று கடிவாளத்தை இழுத்துப் பார்த்தார். குஷியாகப் பத்தடி பின்னால் போனது. முன்னால் என்றால் மட்டும் நாலு காலும் வேர் விட்டன.

"மச்சான்! ஆளுங்களை எண்ணு!"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "அஞ்சு மாமா!"

"இன்னொரு தடவை எண்ணு!"

"அஞ்சேதான்!"

அவரும் கண்ணைச் சுருக்கி எண்ணினார். ஐந்து மஞ்சள். ஐந்தாவது மஞ்சள் சற்றுத் தாழ்வாகத் தெரிந்தது. மட்டக் குதிரையாக இருக்கும்.

பெரியம்மா கழுத்தை வளைத்து ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. காதுகள் விறைத்திருந்தன. அங்கே வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னத்தைப் பார்க்கிறே? அதான் எல்லாரும் முன்னால போயாச்சே!"

இறங்கி இழுத்துப் பார்த்தார். கெஞ்சினார். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. கடைசியில் மைத்துனன் இறங்கி வந்து கயிறு போட்டு இழுக்க, இவர் பின்னாலிருந்து பிரம்பை எடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அதன் மேல் விழுந்த முதல் அடி.

பெரியம்மா நடந்தது. லாயம் வரும்வரை கழுத்து மட்டும் பின்னாலேயே திரும்பியிருந்தது.

கொட்டகையில் மைத்துனன் குதிரைகளைக் கட்டப் போனான். சவாரி போனவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலாளி வாசலில் நின்றபடியே விரல் நீட்டி எண்ணினார். ஐந்து கோட்டு. உடனே தரகருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வந்து ஓட்டிட்டுப் போ. பேசின விலைதான்."

வைத்த அடுத்த நிமிஷம் போன் மணி அடித்தது. பேரம்தான், வேறென்ன?

"ஒரு பைசா குறைக்க மாட்டேன்!"

"சார், நான் டீச்சர் பேசறேன்." மூச்சு வாங்கியது. "இன்னும் ஓடைக்கரையிலதான் நிக்கிறேன். தண்ணியிலேர்ந்து யாரோ ஒருத்தர் குறுக்கே ஏறி வந்தாரு. அவரைப் பார்த்ததும் என் குதிரை நின்னுடுச்சு, நகரவே மாட்டேங்குது. பனியில நீங்க என்னைத் தாண்டிப் போயிட்டீங்க. தொண்டை கிழியக் கத்தினேன். பனி கொஞ்சம் விலகினப்போ பார்த்தேன், உங்க சாம்பல் குதிரை மட்டும்தான் என் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு."

"நீங்க... கோட்டு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன் சார். ஏன்?"

உள்ளேயிருந்து மைத்துனன் கத்தினான். "மாமா! சவாரிக் குதிரை நாலுதான் இருக்கு!"

முதலாளி மெல்லத் திரும்பினார். பெஞ்சில் நாலு பேர் முக்காட்டை விலக்கித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது கோட்டிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

எண்ணிக் கூட்டிப்போனது ஐந்து, எண்ணிக் கொண்டுவந்தது ஐந்து. ஓடைக்கரையில் மிச்சம் ஒன்று.