படிதாண்டிய ஆமை

"சத்தியமாச் சொல்றேன் உடையா, எங்க தோட்டத்து முனியாண்டி மேல ஆணை. இதுல ஒரு வார்த்த பொய்யிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். ஆமை வெளிய வந்துருச்சு!"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அப்போதுதான் காப்பிக்கடைக்குள் கால் வைத்த உடையப்பன், கையிலிருந்த கஞ்சித் தூக்கை நழுவவிடப் பார்த்தான்.

"எந்த ஆமை, மாமா?"

"எந்த ஆமையா? உன் கடையில எத்தன ஆமை வளக்குற? மிஷினுக்குள்ள இருந்துச்சே, அந்த ஆமைதான்லா."

மூலையில் நின்ற கேம் மிஷினை உடையப்பன் திரும்பிப் பார்த்தான். மூன்று மாதத்துக்கு முன் ஈப்போ டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தது. கண்ணாடிக்குள் ஒரு குட்டி வீரன் தட்டுத் தட்டாகத் தாவி ஏறுவான். உச்சியில் ஒரு ராட்சசன். அவனை நெருங்கவிடாமல் தட்டுக்கு ஓர் ஆமை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கும். அதற்குப் பேர்கூடக் கிடையாது. மிதிபடுவதற்கென்றே பிறந்த ஜன்மம்.

மிஷின் வந்த அன்றே அவன் மனைவி நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமை புகுந்த வீடு உருப்படுமா? கடைக்குப் பின்னாலதானே நம்ம வீடு?"

"அது படம்லா," என்று சிரித்தான் உடையப்பன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாயும் சேயும் இன்று சாயங்காலம் இந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வரப்போகிறார்கள்.

"வெவரமாச் சொல்லுங்க மாமா!"

சன்னாசி அவசரப்படவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலேயே அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை. மூன்று மாதமாக வாசலோரம் கால்வாய்ப் பக்கம் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்தான் அவருக்கு நாற்காலி. உடையப்பன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கடையைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

"கடையில ஒரு ஈ காக்கா இல்ல. மிஷினுக்கு நேரா உக்காந்து பேப்பரால விசிறிக்கிட்டு இருந்தேன். அது பாட்டுக்கு நடந்துச்சு. எப்பவும் கோடிக்கு வந்ததும் திரும்புமா, இல்லியா? இன்னிக்குத் திரும்பல. நின்னு என்னப் பாத்துச்சு."

"பாத்துச்சா?"

"சம்பந்தி வீட்டுக்காரன் பாக்குற மாதிரி, மேலயும் கீழயும். அப்புறம் கழுத்த நீட்டிச்சு, கண்ணாடியத் தாண்டிச்சு, பொத்துன்னு தரையில விழுந்து கவுந்துருச்சு. பாவம்னு நான்தான் ஒரு குச்சிய விட்டு நிமித்திவிட்டேன்."

"நீங்களே நிமித்திவிட்டீங்களா!" உடையப்பன் அலறினான்.

"மல்லாந்து கெடக்குற ஜீவன அப்படியே விடச் சொல்றியா?"

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த லோரிக்கார அர்ச்சுனன் கெக்கலித்தான். "மாமா, மத்தியானத்துக்கு முன்னாலயே கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

சன்னாசிக்கு ஒரு ரோமம் அசையவில்லை. விரலை மட்டும் தரைப்பக்கம் நீட்டினார்.

மிஷினடியில் தொடங்கி வளைந்து வளைந்து ஓர் ஈரக்கோடு. சிமிண்டுத் தரையில் பளபளத்தபடி, உள்ளறைப் படி வரைக்கும் போயிருந்தது.

அர்ச்சுனனின் சிரிப்பு பாதியில் நின்றது. உடையப்பன் கோட்டின் மேல் குனிந்தான்.

"அலாமாக்! உள்ளயே போயிருச்சா?"

"சாமி மாடத்து முன்னால நின்னு தலைய ஆட்டுனதோட சரி. அதுக்கு மேல பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"பிள்ள வர்ற நேரம் மாமா! என்னா செய்யுறது?"

சன்னாசி தாடையைச் சொறிந்தார். "அதத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனா ஒண்ணு. அதோட வீடு இந்த மிஷின்தானே? வீட்ட முதல்ல வெளியேத்து. அதுவாப் பின்னால போயிரும்."

அடுத்த கணம் உடையப்பன் மிஷினைக் கட்டிப்பிடித்திருந்தான். அர்ச்சுனன் மறுபக்கம் பிடித்தான். பிடுங்கிய வயர் வால் மாதிரித் தரையில் இழுபட, இருவரும் முக்கி முனகி அதை லோரியில் ஏற்றினார்கள்.

"டவுனுக்குக் கொண்டுபோய் மொதலாளி கடையில எறக்கிரு. இனிமே இலவசமாக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லு!"

லோரி புந்தோங் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சன்னாசி நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அதோ! பின்னாலயே ஓடுது பாரு. என்னா வேகம்!"

உடையப்பன் கண்ணுக்குப் புழுதிதான் தெரிந்தது. இருந்தாலும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். பிறகு உள்ளே ஓடி, சாமி மாடத்தின் முன் சூடம் கொளுத்தி, ஒவ்வோர் அறையாகக் காட்டிவிட்டு வந்தான்.

அவன் திரும்பியபோது மூலையில் பழைய மேசை விரிந்திருந்தது. மேசைமேல் டாம் ஆடும் பலகை, காய்களெல்லாம் அடுக்கியபடி. மூன்று மாதத்துக்கு முன் உட்கார்ந்த அதே இடத்தில் சன்னாசி சுவரில் சாய்ந்திருந்தார்.

"நீங்க மட்டும் இல்லாட்டி என் குடும்பமே போயிருக்கும், மாமா." கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய கிளாஸ் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது கெடக்கட்டும். ரொம்ப வேர்க்குது தம்பி, அந்த ஃபேனப் போட்டுவிடேன்."

"இதோ, மாமா." உடையப்பன் சுவிட்சைத் தட்டினான். ஃபேன் அசையவில்லை. இன்னொரு தட்டு தட்டினான்.

மிஷின் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ்கிரீம் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

விடியற்காலையிலிருந்தே புந்தோங் முழுக்கக் கரண்ட் இல்லை.